ஸ்பானிய இலக்கணம் கற்கையில் தாய்மொழி எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது?

ஸ்பானிய இலக்கணத்தைக் கற்பதில் ஒருவரது தாய்மொழி எந்த அளவுக்குக் குறுக்கிடுகிறது, ஆங்கிலம் பேசுவோருக்கும் இத்தாலியம் பேசுவோருக்கும் எளிது எனப்படும் இம்மொழி தமிழருக்குக் கடினமாக இருக்குமா, தாய்மொழியை ஒதுக்கிவைத்துவிட்டுக் கற்பதுதான் நல்லதா என்ற மூன்று கேள்விகளுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். தாய்மொழி மொத்தமாக உதவுவதும் இல்லை, மொத்தமாகக் கெடுப்பதும் இல்லை. இலக்கணத்தின் ஒவ்வொரு கூறிலும் அது தனித்தனியே வேலை செய்கிறது. முற்றிலும் வேறுபடும் இடங்களைவிட, முக்கால் பங்கு ஒத்துவந்து கடைசிக் கால் பங்கில் விலகும் இடங்களே நெடுநாள் தொல்லை தருகின்றன. தமிழைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு: ஸ்பானியத்தோடு தமிழுக்கு இருக்கும் ஒற்றுமைகள் பலரும் நினைப்பதைவிட அதிகம், ஆனால் நாம் பெரும்பாலும் ஆங்கில நூல்களின் வழியாகவே ஸ்பானியத்துக்குள் நுழைவதால் அவற்றைக் கண்டுகொள்ளாமல் போகிறோம். (எடுத்துக்காட்டுகளை ஒலிப்புக்கு நெருக்கமாகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், ஸ்பானியத்தில் 'வி' எழுத்து 'பி' போலவே ஒலிக்கும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளவும்.)

முதலில், எளிது, கடினம் என்ற பேச்சைப் பற்றி. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் ஸ்பானியத்துக்கு ஏறத்தாழ 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் போதும் என்று கணக்கிட்டதை மேற்கோள் காட்டி, ஸ்பானியம் எளிய மொழி என்று பலர் எழுதுகிறார்கள். அந்தக் கணக்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட, முழுநேரமாகப் படிக்கும் அலுவலர்களுக்கானது. அது ஸ்பானியத்தின் இயல்பைச் சொல்லவில்லை; ஆங்கிலத்துக்கும் ஸ்பானியத்துக்கும் இடையிலுள்ள தொலைவைச் சொல்கிறது. சீனரோ அரபியரோ தமிழரோ அந்த எண்ணைத் தமக்கானதாக எடுத்துக்கொள்வதில் பொருள் இல்லை.

இந்தத் தொலைவை அளக்கும் முயற்சிக்கு ஒரு வரலாறு உண்டு. 1957-இல் மொழியியலாளர் ராபர்ட் லாடோ, கற்பவரின் மொழியையும் கற்கப்படும் மொழியையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் எது எளிதாக இருக்கும், எது கடினமாக இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றார். 1965-இல் ஸ்டாக்வெல், பொவென், மார்ட்டின் ஆகிய மூவரும் ஆங்கில, ஸ்பானிய இலக்கணங்களை அப்படியே ஒப்பிட்டுக் கடினத்தின் படிநிலைகளை வகுத்தார்கள். கணிப்புகளில் ஒரு பகுதி பலித்தது. இன்னொரு பகுதி பலிக்கவில்லை. வேறுபாடு பெரிதாக இருந்தும் கற்பவர் தடுமாறாத இடங்கள் இருந்தன. வேறுபாடே இல்லாத இடத்தில் தவறுகள் வந்தன. 1967-இல் பிட் கார்டர், தவறுகளைக் களையாகப் பார்க்காமல் கற்பவரின் மனத்தில் உருவாகிவரும் இலக்கணத்தின் சான்றாகப் பார்க்கவேண்டும் என்றார். 1972-இல் லாரி செலிங்கர், தாய்மொழியும் அல்லாத, இலக்கு மொழியும் ஆகாத அந்த நடுவிலக்கணத்துக்கு 'இடைமொழி' என்ற கருத்தை முன்வைத்து, தாய்மொழியின் தாக்கம் அதை உருவாக்கும் பல விசைகளில் ஒன்று மட்டுமே என்று நிறுவினார். இன்றைக்கும் இதுவே சரியான நிதானம் என்று கருதுகிறேன். எல்லாத் தவறுக்கும் தாய்மொழியைக் குற்றம் சொல்வது சோம்பேறித்தனம்.

இனி இலக்கணத்துக்குள் போகலாம். எழுவாயில் தொடங்குவோம், ஏனெனில் இதில் தமிழ் பேசுபவர் ஆங்கிலேயரைவிடவும் பிரெஞ்சுக்காரரைவிடவும் தெளிவாக முன்னிலையில் இருக்கிறார். 'ஆப்லோ' என்றால் 'பேசுகிறேன்', 'ஆப்லாமோஸ்' என்றால் 'பேசுகிறோம்'. வினையின் விகுதியே யார் என்று காட்டிவிடுவதால் 'நான்' என்னும் பொருள்தரும் 'யோ' தேவைப்படுவதில்லை. நம் இலக்கணம் தோன்றா எழுவாய் என்று சொல்வது இதைத்தான். எழுவாயைச் சொல்லாமல் வாக்கியமே அமையாத மொழிகளிலிருந்து வருபவர்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் 'யோ' என்று தொடங்கிப் பேசுவார்கள். இலக்கணப்படி அது பிழையாகாது, ஆனால் கேட்பவருக்கு 'நான்தான், நானேதான்' என்று மார்தட்டுவதுபோல் ஒலிக்கும். தமிழில் 'வந்தேன்' என்பதற்கும் 'நான் வந்தேன்' என்பதற்கும் உள்ள அழுத்த வேறுபாட்டை உணர்பவருக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. சீனமும் ஜப்பானியமும் எழுவாயை விடுகின்றன என்றாலும் அவற்றில் வினை, ஆளுக்கேற்ப மாறுவதில்லை. ஆகவே அம்மொழியினர் எழுவாயைத் தயக்கமின்றி விட்டுவிட்டு, விகுதியையும் தவறாகப் போட்டு, யார் செய்தார் என்பதே தெரியாத வாக்கியத்தை உருவாக்கிவிடும் அபாயம் உண்டு. ஒரே ஒற்றுமை இரு மொழியினருக்கு இருவிதமாகப் பயன்படுவதை இங்கே காணலாம்.

ஆனால் இதே பழக்கம் செயப்படுபொருளில் நம்மைக் கவிழ்க்கிறது. 'படத்தைப் பார்த்தாயா?' என்று கேட்டால் 'பார்த்தேன்' என்கிறோம். ஸ்பானியத்தில் 'ஸி, பி' என்று அப்படியே நிறுத்தினால் வாக்கியம் முடமாகிறது. 'ஸி, லா பி', அதாவது 'அதைப் பார்த்தேன்' என்று பொருளைக் குறிக்கும் 'லா' என்ற சிற்றுருவை (வினையோடு ஒட்டிவரும் சிறு சுட்டுச்சொல்லை) சேர்த்தே ஆகவேண்டும். எழுவாயை விடலாம், தெரிந்த செயப்படுபொருளை விடக்கூடாது என்பது ஸ்பானியத்தின் நடைமுறை. இரண்டையும் விடலாம் என்பது தமிழின் நடைமுறை. பிரேசில் போர்த்துகீசியம் பேசுவோரும் ஸ்பானியத்துக்கு அவ்வளவு நெருங்கிய உறவினராக இருந்தும் இதே தவறைச் செய்கிறார்கள், ஏனெனில் அவர்களது பேச்சும் செயப்படுபொருளை விடும் இயல்புடையது. இத்தவறு தமிழரிடம் மிகநாள் நீடிக்கிறது. காரணம், சொல்லாமல் விட்டது எதுவென்று கற்பவர் காதுக்குத் தெரிவதே இல்லை.

அடுத்து வருவதை நான் தமிழருக்கான பரிசு என்றே சொல்வேன். 'மே குஸ்தா எல் கஃபே' என்ற வாக்கியம் ஆங்கில வழிப் பாடநூல்களில் ஒரு பெரிய மலைபோல் நிற்கும். 'நான் காபியை விரும்புகிறேன்' என்ற வார்ப்பைத் தலைகீழாக்கி, 'காபி எனக்கு இன்பம் தருகிறது' என்று நினைத்துக்கொள்ளச் சொல்லும் செயற்கையான விளக்கங்கள் பக்கம் பக்கமாக வரும். தமிழில் அது 'எனக்குக் காபி பிடிக்கும்', அவ்வளவுதான். உணர்பவர் நான்காம் வேற்றுமையில் வருகிறார். 'மே துவேலே லா கபேசா' என்பது 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதன் நேர் வார்ப்பு. இந்தி, ரஷ்யம், இத்தாலியம் பேசுவோருக்கும் இதேபோன்ற அமைப்பு கைவசம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இல்லை. ஸ்பானியத்தின் நெருங்கிய உறவான போர்த்துகீசியத்திலும் 'நான் விரும்புகிறேன்' என்னும் எழுவாய் அமைப்பே வழக்கம். உறவுமுறை நெருக்கம் இலக்கணத்தின் ஒவ்வொரு மூலையிலும் நெருக்கமாக இருப்பதில்லை.

பரிசுக்குள் மூன்று கண்ணிகள் இருக்கின்றன. ஒன்று, 'எனக்குப் புத்தகம் பிடிக்கும்', 'எனக்குப் புத்தகங்கள் பிடிக்கும்' என்று தமிழில் வினை அசையாமல் நிற்க, ஸ்பானியத்தில் பிடித்த பொருளே எழுவாய் என்பதால் பன்மையில் வினை 'மே குஸ்தான் லோஸ் லிப்ரோஸ்' என்று மாறவேண்டும். இரண்டாவது இன்னும் நுட்பமானது. தமிழில் பிடித்தவரை நாம் 'எனக்கு அவளைப் பிடிக்கும்' என்று இரண்டாம் வேற்றுமையில் வைக்கிறோம். ஸ்பானியத்தில் மனிதச் செயப்படுபொருளுக்கு முன் 'ஆ' வரும் என்று படித்த தமிழர், இந்த 'ஐ'க்கு ஈடாக அந்த 'ஆ'வைப் போட்டு 'மே குஸ்தா ஆ எயா' என்று சொல்லத் துணிவார். சரியானது 'மே குஸ்தா எயா', ஏனெனில் அங்கே அவள் எழுவாய். மூன்றாவது, தமிழ் இந்த 'எனக்கு' அமைப்பை ஸ்பானியத்தைவிட மிக விரிவாகப் பயன்படுத்துகிறது. எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும், எனக்குப் பசிக்கிறது, எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஸ்பானியத்தில் தெரிவதும் வேண்டுவதும் எழுவாய் வினைகள்: 'ஸே', 'கியெரோ'. பசியும் பிள்ளைகளும் 'உடைமை' வினையோடு வரும்: 'தெங்கோ ஆம்ப்ரே', 'தெங்கோ தோஸ் இஹோஸ்'. 'எனக்குத் தெரியும்' என்பதை 'மே ஸாபே' என்று சொன்னால், அந்த வினைக்குச் சுவைத்தல் என்ற பொருளும் உண்டு என்பதால், 'எனக்கு ஏதோ சுவையாகத் தெரிகிறது' என்பதுபோன்ற வேறொரு வாக்கியம் பிறந்துவிடும்.

மேலே சொன்ன 'ஆ'வைத் தனியாகக் கவனிக்கவேண்டும். 'பேயோ லா காஸா' என்றால் 'வீட்டைப் பார்க்கிறேன்'. 'பேயோ ஆ மரியா' என்றால் 'மரியாவைப் பார்க்கிறேன்'. செயப்படுபொருள் மனிதராக இருந்தால் மட்டும் ஓர் அடையாளம் கேட்கும் இவ்வழக்கம் ஆங்கிலேயருக்கு விசித்திரமானது. இந்தியும் துருக்கியமும் பாரசீகமும் பேசுவோருக்கு அப்படியல்ல. செயப்படுபொருளில் சிலவற்றுக்கு மட்டும் அடையாளமிடுவது அம்மொழிகளில் வெவ்வேறு விதிகளின்படி நடக்கிறது. தமிழிலும் உயர்திணைப் பெயர் பெரும்பாலும் 'ஐ' ஏற்றே வரும். அஃறிணைக்கு அது தேவைக்கேற்ப வரும். இன்னும் நெருங்கிப் பார்த்தால், 'வேலைக்கு ஆள் தேடுகிறேன்' என்பதற்கும் 'ஓர் ஆளைத் தேடுகிறேன்' என்பதற்கும் இடையே நாம் உணரும் வேறுபாடுதான் 'புஸ்கோ உன் மெதிகோ' என்பதற்கும் 'புஸ்கோ ஆ உன் மெதிகோ' என்பதற்கும் இடையே இருக்கிறது. முதலாவது யாரோ ஒரு மருத்துவர், இரண்டாவது எனக்குத் தெரிந்த குறிப்பிட்ட ஒருவர். விலகல் அஃறிணையில் வருகிறது: குறிப்பிட்ட புத்தகம் என்றால் தமிழ் 'புத்தகத்தைப் படித்தேன்' என்று உருபு கேட்கும், ஸ்பானியம் 'லேயி எல் லிப்ரோ' என்று வெறுமனே நிற்கும். அத்தோடு, இந்த ஒரே 'ஆ' ஸ்பானியத்தில் நான்காம் வேற்றுமைப் பொருளுக்கும் வருவதால், 'ஐ'யையும் 'கு'வையும் பிரித்தே பழகிய நமக்கு 'அவனை', 'அவனுக்கு' என்ற வேறுபாட்டை வாக்கியத்தின் மற்ற உறுப்புகளைக்கொண்டு தேடவேண்டியிருக்கும்.

சொல்வரிசையிலும் வேற்றுமை உருபு நமக்கு ஒரு மறைமுக உதவி செய்கிறது. 'லோ பியோ மரியா' என்றால் 'அவனை மரியா பார்த்தாள்'. இரண்டாம் மொழியில் ஒரு வாக்கியத்தைக் கேட்கும்போது முதலில் வரும் பெயரையே செய்பவராகக் கொள்ளும் போக்கு கற்பவர்களிடம் பரவலாக உண்டு என்று பில் வேன்பேட்டன் நெடுங்காலம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆங்கிலம் பேசும் மாணவர்கள் மேற்கண்ட வாக்கியத்தை 'அவன் மரியாவைப் பார்த்தான்' என்று புரிந்துகொள்வது அதற்கு வழமையான எடுத்துக்காட்டு. 'அவனை மரியா பார்த்தாள்', 'மரியா அவனைப் பார்த்தாள்' என்று இரண்டையும் இயல்பாகச் சொல்லும் நமக்கு, முதலில் வருவது செயப்படுபொருளாக இருக்கலாம் என்ற எண்ணமே புதிதல்ல. அந்தச் சிற்றுருக்களின் வடிவத்தை மட்டும் காது பழகவேண்டும்.

'ஸேர்', 'எஸ்தார்' என்ற இரண்டு 'இரு' வினைகளைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஆங்கிலத்தில் ஒன்றாக இருப்பது இங்கே இரண்டாகப் பிரிவதால் ஆங்கிலேயருக்குக் கடினம் என்பது பழைய ஒப்பீட்டாய்வின் கணிப்பு, அது பெருமளவு சரிதான். தமிழில் நிலைமை வேறு. 'அவர் மருத்துவர்' என்னும் பெயர்ப்பயனிலை வாக்கியத்தில் வினையே இல்லை. அங்கே ஸ்பானியம் 'ஸேர்' கேட்கிறது. 'அவர் வீட்டில் இருக்கிறார்' என்பதில் 'இரு' வருகிறது. அங்கே ஸ்பானியம் 'எஸ்தார்' கேட்கிறது. தமிழில் வினை இல்லாத இடத்தில் 'ஸேர்', 'இரு' வரும் இடத்தில் 'எஸ்தார்' என்ற எளிய கணக்கு, தொடக்கநிலை வாக்கியங்களில் பெரும்பகுதியைச் சரியாகக் கடத்திவிடும். அது உடையும் இடம் பண்புப்பெயர். 'அவன் உயரமாக இருக்கிறான்', 'அவன் சோர்வாக இருக்கிறான்' என்ற இரண்டுக்கும் தமிழில் ஒரே அமைப்பு. ஸ்பானியத்தில் உயரம் ஒருவரை வகைப்படுத்தும் பண்பு என்பதால் 'எஸ் ஆல்தோ'. சோர்வு அவர் இப்போதிருக்கும் நிலை என்பதால் 'எஸ்தா கன்ஸாதோ'. ஒரு பழத்தைக் குறித்து 'எஸ் பெர்தே' என்றால் அதன் நிறம் பச்சை. 'எஸ்தா பெர்தே' என்றால் அது இன்னும் பழுக்கவில்லை.

நிரந்தரமானதற்கு ஒன்று, தற்காலிகமானதற்கு மற்றொன்று என்று பல நூல்கள் தரும் சூத்திரத்தை நம்பவேண்டாம். இறந்துவிட்டவரை 'எஸ்தா முவேர்தோ' என்றுதான் சொல்கிறார்கள். அதைவிட நிரந்தரமான நிலை எது? கூட்டம் எங்கே நடக்கிறது என்று சொல்லவும், இடத்தைக் குறித்தாலும், 'லா ரெயுனியோன் எஸ் என் லா ஒஃபிஸினா' என்று 'ஸேர்' வருகிறது. நிகழ்ச்சிகள் 'நடக்கின்றன', பொருள்கள்தான் 'இருக்கின்றன'. தமிழிலும் 'கூட்டம் அலுவலகத்தில் நடக்கிறது' என்கிறோமே, அந்த உணர்வு இங்கே நேராகக் கைகொடுக்கும். இன்னொன்று: தமிழின் 'இரு' உண்மையில் மூன்று ஸ்பானிய வினைகளின் வேலையைப் பார்க்கிறது. 'ஒரு சிக்கல் இருக்கிறது' என்ற இருப்பு வாக்கியத்துக்கு 'ஆய்', 'மரியா இங்கே இருக்கிறாள்' என்பதற்கு 'எஸ்தா', 'எனக்கு நேரம் இருக்கிறது' என்பதற்கு 'தெங்கோ'. 'ஸேர்', 'எஸ்தார்' குழப்பத்தைவிட 'ஆய்', 'எஸ்தா' குழப்பமே தமிழருக்கு அதிகம் வரும் என்பது என் மதிப்பீடு.

பால் வேறுபாட்டில் நமக்கு எந்தத் துணையும் இல்லை. தமிழில் பால் பொருளைப் பின்பற்றுகிறது. மேசைக்கும் நிலவுக்கும் ஆண்பால், பெண்பால் ஒதுக்கும் வழக்கம் இல்லை, பெயரடையும் 'நல்ல பையன், நல்ல பெண், நல்ல வீடுகள்' என்று எதற்கும் இசைந்து மாறுவதில்லை. பிரெஞ்சு, இத்தாலியம், போர்த்துகீசியம் பேசுவோருக்கு அமைப்பு முழுவதும் தெரியும். ஆனால் தனிச்சொற்களில் அவர்கள் வழுக்குகிறார்கள். பாலும் உப்பும் தேனும் இத்தாலியத்தில் ஆண்பால், ஸ்பானியத்தில் 'லா லெச்சே', 'லா ஸால்', 'லா மியெல்' என்று பெண்பால். நிறம் பிரெஞ்சில் பெண்பால், ஸ்பானியத்தில் 'எல் கொலோர்'. மரமும் பயணமும் போர்த்துகீசியத்தில் பெண்பால், ஸ்பானியத்தில் 'எல் ஆர்போல்', 'எல் பியாஹே'. ஓர் இத்தாலியர் இருபது ஆண்டு ஸ்பானியம் பேசிய பிறகும் பாலின் பாலைத் தவறாகச் சொல்லலாம். தமிழருக்கு மனத்தில் முன்பதிவு எதுவும் இல்லாததால் ஒவ்வொரு சொல்லையும் புதிதாகவே பதியவைத்துக்கொள்கிறார். தொடக்கத்தில் நமக்குச் சுமை அதிகம், ஆனால் அழித்தெழுதவேண்டியது ஏதும் இல்லை.

நெருங்கிய மொழிகளின் இந்த வகைச் சிக்கலுக்குப் பல முகங்கள் உண்டு. பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் 'போதல்' போன்ற வினைகளின் முற்றுக்காலம் 'இரு' வினையோடு அமைவதால், அவர்கள் தொடக்கத்தில் 'ஏ இதோ' என்பதற்குப் பதிலாக 'ஸோய் இதோ' என்பார்கள். போர்த்துகீசியம் பேசுவோர் பலர் ஸ்பானியத்தைப் படிக்காமலே புரிந்துகொள்வதால், இரண்டும் கலந்த 'போர்த்துஞோல்' என்னும் பேச்சிலேயே நின்றுவிடுகிறார்கள். புரிந்துவிடுகிறது என்பதே மேலே ஏறும் தேவையைக் குறைத்துவிடுகிறது.

ஸ்பானியத்தின் இரண்டு இறந்தகாலங்களில் தாய்மொழியின் கைவரிசையும், தாய்மொழி கடந்த பொதுப்போக்கும் ஒருங்கே தெரிகின்றன. தொடங்கி முடிந்த ஒன்றாக நிகழ்வைப் பார்த்தால் 'லேயி'; முடிவைப் பொருட்படுத்தாமல் நடந்துகொண்டிருந்ததாகவோ வழக்கமாகவோ பார்த்தால் 'லேயியா'. எந்த மொழியிலிருந்து வந்தாலும் கற்பவர்கள் முதல் வடிவத்தைச் சட்டென முடியும் வினைகளிலும், இரண்டாவதை நிலையைக் குறிக்கும் வினைகளிலும் முதலில் பயன்படுத்தி, பிறகே மற்ற வினைகளுக்கு விரிக்கிறார்கள் என்பதை மொழியியலாளர் ரோஜர் ஆண்டர்சன் ஸ்பானியம் கற்போரின் பேச்சிலிருந்து காட்டினார். அதற்கு மேல் தாய்மொழி தன் நிறத்தைப் பூசுகிறது. ரஷ்யருக்கு முற்றுவினை, முற்றாவினை என்ற பாகுபாடு பழக்கம் என்பதால் எளிதாக இருக்கவேண்டும். ஆனால் 'மூன்று ஆண்டு வேலைசெய்தேன்' என்பது ரஷ்யத்தில் முற்றாவினையில் வரும், ஸ்பானியத்தில் காலம் எல்லைகட்டப்பட்டுவிட்டதால் 'த்ரபாஹே த்ரேஸ் ஆஞோஸ்' என்று முதல் வடிவமே வரும். தமிழருக்கு நேர்வது வேறு. நம்மிடம் 'படித்தேன்', 'படித்துக்கொண்டிருந்தேன்', 'அப்போதெல்லாம் படிப்பேன்' என்று மூன்று இருக்கின்றன. பின்னிரண்டும் ஸ்பானியத்தில் 'லேயியா'வுக்குள் அடங்கும். சிக்கல் முதலாவதில்தான். 'அவன் உயரமாக இருந்தான்', 'சிறுவயதில் அங்கே வாழ்ந்தேன்' என்ற எளிய இறந்தகால வடிவங்களைக் கண்டதும் நம் மனம் முதல் வடிவத்தை எடுத்துவிடுகிறது. ஸ்பானியம் அங்கே பின்னணியைத் தீட்டும் இரண்டாம் வடிவத்தைத்தான் பெரும்பாலும் கேட்கும். வினைமுற்றை நேராக மொழிபெயர்க்காமல், இது கதையை நகர்த்துகிறதா, கதைக்குப் பின்னணியாக நிற்கிறதா என்று கேட்டுப் பழகினால் தெளிவு வரும்.

எதிர்மறையை விரைவாகச் சொல்லிவிடலாம். 'யாரும் வரவில்லை', 'எதையும் பார்க்கவில்லை' என்று எதிர்மறை வினை கேட்கும் நமக்கு 'நோ பினோ நாதியே', 'நோ பி நாதா' என்பதில் இரட்டை எதிர்மறை என்ற கலக்கமே எழாது. ஆனால் 'நாதியே' முன்னால் வந்துவிட்டால் 'நோ' உதிர்ந்து 'நாதியே பினோ' என்றாகிவிடும். அங்கே தமிழரும் ரஷ்யரும் ஒரே தவறைச் செய்வார்கள், இரு மொழிகளிலும் வினை எதிர்மறையாகவே நிற்பதால்.

சப்ஜங்க்டிவ் எனப்படும் வினைவடிவத்தை ஸ்பானிய இலக்கணத்தின் உச்சிப்படி என்பார்கள். நடந்ததாக உறுதிசெய்யாமல், விருப்பம், ஐயம், கட்டளை, எதிர்பார்ப்பு ஆகியவற்றின் கீழ் வரும் துணைவாக்கியத்தில் அது வருகிறது. இத்தாலியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் அது புதிதல்ல, ஆயினும் எல்லைகள் வேறு. 'நினைக்கிறேன்' என்ற வினைக்குப் பின் இத்தாலியம் அதைக் கேட்கும், ஸ்பானியம் 'க்ரேயோ கே எஸ்' என்று சாதாரண வடிவத்தையே கேட்கும். 'அவன் வரும்போது' என்று எதிர்காலத்தைச் சொல்ல அவ்விரு மொழிகளும் எதிர்கால வினையை வைக்கும், ஸ்பானியம் 'குவாந்தோ பெங்கா' என்று சப்ஜங்க்டிவை வைக்கும்.

தமிழில் அத்தகைய வினைமுற்று இல்லை என்பதால் நமக்கு வழியே இல்லை என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 'அவன் வந்தான் என்று சொன்னேன்' என்பதையும் 'அவனை வரச் சொன்னேன்' என்பதையும் அருகருகே வையுங்கள். முதலாவது செய்தி, வினை முற்றாக நிற்கிறது, ஸ்பானியத்தில் 'திஹே கே பினோ'. இரண்டாவது ஏவல், வினை எச்சமாகக் குறுகுகிறது, ஸ்பானியத்தில் 'லே திஹே கே பினியேரா' என்று சப்ஜங்க்டிவ். 'நீ வர விரும்புகிறேன்', 'நீ வந்தது மகிழ்ச்சி', 'அவன் வரும்போது' என்று தமிழ் முற்றுவினையைத் தவிர்த்து எச்சத்தையோ தொழிற்பெயரையோ நாடும் பல இடங்களில், ஸ்பானியமும் உறுதிகூறும் வினைவடிவத்தைத் தவிர்த்து அதை நாடுகிறது. இது முழு விதி அல்ல. 'அவன் வந்திருப்பான் என்று நான் நினைக்கவில்லை' என்பதில் தமிழ் முற்றுவினையோடே நிற்க, ஸ்பானியம் சப்ஜங்க்டிவ் கேட்கும். ஆனாலும் பட்டியல்களை மனப்பாடம் செய்வதைவிட இந்த உணர்வு தமிழருக்கு நல்ல தொடக்கப்புள்ளி.

பெயரெச்சத்தில் நிலைமை நேர்மாறு. 'நேற்று வந்த பையன்' என்று நாம் விளக்கத்தை முன்னால் வைத்துப் பெயரில் முடிக்கிறோம். ஸ்பானியம் 'எல் சீகோ கே பினோ ஆயேர்' என்று பெயரை வைத்துவிட்டு விளக்கத்தைப் பின்னால் தொங்கவிடுகிறது. இங்கே தமிழர் தவறு செய்வதைவிட, அமைப்பையே தவிர்த்துவிட்டுச் சிறுசிறு வாக்கியங்களாகப் பேசுவார். 1974-இல் மொழியியலாளர் ஜாக்குலின் ஷாக்டர், ஆங்கிலம் கற்கும் சீனரும் ஜப்பானியரும் இத்தகைய வாக்கியங்களில் அரபியரையும் பாரசீகரையும்விடக் குறைவாகத் தவறு செய்ததற்குக் காரணம், அவர்கள் அவ்வாக்கியங்களையே குறைவாகப் பயன்படுத்தியதுதான் என்று காட்டினார். அவர்கள் மொழிகளிலும் நம்மைப்போலவே விளக்கம் பெயருக்கு முன்னால் வருகிறது. ஆசிரியர் சிவப்பு மையால் திருத்திய தாளில் தென்படாத தாய்மொழித் தாக்கம் இது.

இனி ஆங்கிலத்தைப் பற்றி. ஸ்பானியம் கற்கும் தமிழர்களில் பெரும்பாலோருக்கு அது மூன்றாவதோ நான்காவதோ மொழி. மூன்றாம் மொழி கற்கையில் மனம் எப்போதும் தாய்மொழியிடமே கடன் வாங்குவதில்லை. தனக்குத் தெரிந்த மொழிகளில் எது புதிய மொழிக்கு நெருக்கமாகத் தோன்றுகிறதோ அதனிடம் வாங்குகிறது என்று மொழியியலாளர் ஜேசன் ராத்மன் வாதிடுகிறார். ஆங்கிலமும் ஸ்பானியமும் ஏராளமான இலத்தீன் சொற்களைப் பகிர்வதால், சொற்களைக் கண்ட மனம் இலக்கணத்தையும் ஆங்கிலத்திடமே கேட்கிறது. விளைவாக, தோன்றா எழுவாய் தெரிந்த தமிழர் 'யோ, யோ' என்று பேசுகிறார். 'எனக்குப் பிடிக்கும்' தெரிந்தவர் 'மே குஸ்தா' முன் திகைக்கிறார். 'உடைந்தது', 'உடைத்தான்' என்று தன்வினையையும் பிறவினையையும் பிரித்தறியும் மொழிக்குச் சொந்தக்காரர், 'ஸே ரொம்பியோ', 'ரொம்பியோ' என்ற இணையில் அந்த 'ஸே' எதற்கு என்று கேட்கிறார். தானாக உடைந்தால் 'ஸே' வரும், ஒருவர் உடைத்தால் வராது, அவ்வளவுதான்.

ஆகவே தாய்மொழியை ஒதுக்கிவைப்பதா என்ற கேள்விக்கு, நான் அதற்கு எதிரானவன். ஒதுக்கிவைக்கவும் முடியாது, அது திரைமறைவில் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். வேற்றுமை, எழுவாய், 'இரு', தன்வினை பிறவினை, எதிர்மறை, ஏவல் போன்றவற்றைப் படிக்கும்போது ஸ்பானிய வாக்கியத்துக்கு அருகில் ஆங்கிலப் பொருளை எழுதாமல், பேசும் இயல்பான தமிழ் வாக்கியத்தை எழுதிவைத்து, எதுவரை ஒத்துப்போகிறது, எந்த உறுப்பில் பிரிகிறது என்பதை அடிக்கோடிடலாம். பெயரின் பாலுக்கும், பெயருக்கு முன்வரும் 'எல்', 'லா' சொற்களுக்கும் இந்த முறை உதவாது. அவற்றுக்குத் தமிழில் இணை இல்லை. அங்கே ஒவ்வொரு பெயரையும் அதன் 'எல்' அல்லது 'லா'வோடு ஒரே சொல்லாகக் கருதி, பெயரடை ஒன்றையும் சேர்த்து, 'லா மானோ இஸ்கியெர்தா', 'எல் ப்ரொப்லேமா செரியோ' என்ற தொடராகவே வாய்விட்டுப் பழகவேண்டும்.